ஒஸ்தா மாமாவின் கத்தியும் குளியலறை ரேசரும்



தாடி வைத்த ஒரு மௌலவிக்குச் சவரக் கத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் சிரிக்கக் கூடும். பெண்கள் வாசிக்கும் பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். கடையில் ரேசர் வாங்குபவர் ஆணாக இருக்கலாம். ஆனால், அது குளியலறைத் தட்டில் எங்கே கிடக்கிறது, யார் எடுத்துப் பாவித்தார், சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டுமா என்பதெல்லாம் உங்கள் தலையில்தான் விழுகிறது. பிறந்து ஏழாம் நாள் பிள்ளையின் தலையை மடியில் ஏந்திக் கொண்டு, கத்தி வரும் பக்கம் பார்த்து நெஞ்சு படபடக்க இருப்பவரும் நீங்கள்தான்.

சில மாதங்களுக்கு முன், நான் நடத்தும் பெண்கள் வகுப்பில் ஒரு துண்டுக் கடதாசி வந்தது. எழுதியவர் தலைப்பிள்ளையைப் பெறக் காத்திருக்கும் ஓர் இளம் தாய். "ஹஸரத், பிள்ளைக்கு முடி களைய ஒஸ்தாவைக் கூப்பிட வேண்டும், கத்தி பட்டால்தான் சுகம் என்று மாமி சொல்கிறார். ஒஸ்தா வேண்டாம், சேப்டி ரேசர் ஒன்று வாங்கினால் நானே வழித்து விடுவேன் என்று அவர் சொல்கிறார். எது சுகம்? எது பத்திரம்?" என்று கேட்டிருந்தார்.

மார்க்கத்தில் இதற்குப் பதில் சுருக்கமானது. ஏழாம் நாள் தலைமுடியைக் களைவது சுன்னத்; அந்த முடியின் எடைக்கு வெள்ளியைக் கணக்கிட்டுத் தர்மம் செய்வதும் நல்லது. எந்தக் கருவியால் களைய வேண்டும் என்று மார்க்கம் நம்மைக் கட்டிப் போடவில்லை. ஆகவே இது அனுபவத்தாலும் அறிவாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அனுபவம் என்னிடம் உண்டு. அது நான் பெருமைப்படும் அனுபவம் அல்ல.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சவரக் கத்தி என்பது பிடிக்குள் மடங்கும் ஒரே உருக்குத் தகடு. முதுகு தடித்திருக்கும், இரு பக்கமும் குழிவாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் வாய் மெலிந்து கூர்மையாகும். நம் மூத்தவாப்பாமார் காலத்தில் நல்ல கத்தி என்றால் அதில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் அல்லது ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயர் பொறித்திருக்கும். ஒவ்வொரு முறையும் சவரத்துக்கு முன் அதைத் தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து வாயைச் சீராக்க வேண்டும். இடைக்கிடை கல்லில் தீட்டவும் வேண்டும். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கத்திக்குத் தோலுக்கும் வாய்க்கும் நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது. எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்ற இரண்டையும் பிடிக்கும் கைதான் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ முப்பது பாகை சாய்வு சரி. அதற்குமேல் நிமிர்ந்தால் கத்தி தோலைச் சுரண்டும். கூடுதலாகப் படுத்தால் முடியை வெட்டாமல் இழுக்கும்.

சேப்டி ரேசரில் அந்த இரண்டில் பாதியைக் கருவியே பார்த்துக் கொள்கிறது. பிளேட்டின் வாய் மயிரிழை அளவே வெளியே தெரியும். அதன் கீழே இருக்கும் பட்டி தோலை இழுத்துச் சமமாக்குகிறது. மேலே உள்ள மூடி சாய்வை நிலைநிறுத்துகிறது. தச்சரின் இழைப்புளியைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். 1760களில் பிரான்ஸ் நாட்டவரான ஜான் ஜாக் பெரே, கத்திக்கு மரத்தடுப்பு வைக்கும் யோசனையை அந்த இழைப்புளியைப் பார்த்துத்தான் பெற்றார்.

இன்று நம் வீடுகளில் இருக்கும் ரேசருக்கு வழி திறந்தவர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லட். தீட்டித் தீட்டிப் பாவிக்கும் கத்திக்குப் பதிலாக, மழுங்கியதும் வீசி விடக்கூடிய மெல்லிய பிளேட் என்ற எண்ணம் 1895இல் அவருக்கு வந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டுக்கு உரமேற்ற முடியாது என்று பலர் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர் அதைச் செய்து காட்டினார். விற்பனை தொடங்கிய 1903இல் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேட்டுகளும் மட்டுமே. அடுத்த வருடம் அது தொண்ணூறாயிரம் ரேசர்களைத் தாண்டியது. 1915இல் அதே கம்பனி பெண்களுக்கென்றும் தனி ரேசர் ஒன்றைக் கொண்டு வந்தது.

சுகம் எங்கே இருக்கிறது?

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், மாதம் ஒரு முறை ஒஸ்தா மாமா ஒருவர் வருவார். மரத்தடியில் வரிசையாக உட்காருவோம். தலையில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கைகளாலும் நெடுநேரம் தேய்ப்பார். "ஹஸரத்மார் அவசரப்படப் படாது. முடி ஊறினால்தான் கத்தி பேசாமல் போகும்" என்பார். பிறகு இடது பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே சிறு சிறு இழுப்பாகக் கத்தியை விடுவார். வலி தெரியாது. வெண்ணெயில் கத்தி போவது போல இருக்கும்.

அவர் வராத மாதங்களில் மாணவர்கள் நாங்களே ஒருவருக்கொருவர் சேப்டி ரேசரால் வழித்துக் கொள்வோம். தண்ணீரைத் தெளித்தது பாதி, தெளிக்காதது பாதி. இரவு தலையணையில் தலை வைக்க முடியாது. தலை முழுக்கச் சிறு சிறு கொப்புளமாகி எரியும். கத்திதான் சுகம், ரேசர் தொல்லை என்ற முடிவுக்கு அப்போதே வந்து விட்டேன்.

அந்த முடிவு பிழை என்று விளங்கப் பல வருடம் சென்றது. சுகம் கத்தியிலிருந்து வரவில்லை. தண்ணீரிலிருந்தும் பொறுமையிலிருந்தும் வந்தது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடி காய்ந்த முடியைவிட மிக இலகுவாக வெட்டுப்படும். சவர்க்கார நுரை கத்தி வழுக்கிச் செல்ல உதவும். மழுங்கிய பிளேட் முடியை வெட்டுமுன் இழுக்கும், நாம் அழுத்துவோம், அழுத்தியதும் தோல் சீவுப்படும். நாங்கள் பத்துப் பேர் ஒரே பிளேட்டில் வழித்தோம். ஏழாவது தலைக்கு அதில் என்ன கூர் இருந்திருக்கும்?

உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படிப் பிளேட்டை மழுங்க வைக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். பிளேட்டின் வாய் மெல்ல மெல்லத் தேய்வது மட்டுமல்ல. முடி சாய்வாக வளைந்து மோதும்போது, உருக்கின் சீரற்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டுகள் உடைந்தும் போகின்றன. பார்வைக்குப் புதிது போல இருக்கும் பிளேட் தோலில் உரசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு, மூன்று, ஐந்து பிளேட் வைத்த ரேசர்கள் கூடுதல் சுகம் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. முதல் பிளேட் முடியைச் சற்று இழுக்க, அடுத்தது இன்னும் கீழே வெட்டுகிறது. வெட்டிய நுனி தோலுக்குள் இறங்கி விடும். சுருண்ட முடி உள்ளவர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து, வலிக்கும் பருக்களாகும். அப்படிப்பட்டவருக்கு ஒற்றைப் பிளேட்டே நல்லது.

என் முதல் பிள்ளையின் தலை

எனக்கு மகள் பிறந்தபோது, ஒஸ்தாவைத் தேடிப் போக வேண்டாம், நானே செய்கிறேன் என்று நின்றேன். புதிய சேப்டி ரேசர், புதிய பிளேட். பெயரே 'பாதுகாப்பு ரேசர்' அல்லவா? அதில் என்ன ஆபத்து என்று நினைத்தேன்.

என் மனைவி பிள்ளையை மடியில் வைத்திருந்தார். தலையை நனைத்து, இரண்டு இழுப்பு இழுத்தேன். முதலாவது இழுப்பு நன்றாகவே போனது. இரண்டாவதில் ரேசர் நின்று விட்டது. கழுவினேன். மறுபடி ஓர் இழுப்பு; மறுபடி நின்றது. பிள்ளையின் முடி நீளமானது, பூப்போல மெல்லியது. அது பிளேட்டுக்கும் பட்டிக்கும் நடுவே அடைந்து கொள்கிறது. அடைந்த பின் பிளேட் முடியைத் தொடுவதே இல்லை. அது எனக்கு விளங்காமல் நான் அழுத்தத் தொடங்கினேன். இதற்கிடையில் கழுவிய முடியெல்லாம் பேசினில் போவதைக் கண்டு மாமியார் பதறினார்: "தம்பி, எதை நிறுத்து வெள்ளி கொடுக்கப் போறீங்க?"

பிள்ளை திடுக்கிட்டுத் தலையைத் திருப்பியது. உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு கோடு. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு சிவந்தது. ஆழமான காயமில்லை. சுத்தமான துணியை வைத்து அழுத்த, சில நிமிடத்தில் இரத்தம் நின்றது. ஆனால் ஏழு நாள் பிள்ளை அழுத அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அந்தப் பாதுகாப்பு ஏன் அங்கே உதவவில்லை? சேப்டி ரேசர், வளர்ந்தவருடைய உறுதியான தோலில், ஓரிரு நாள் வளர்ந்த குட்டை முடியை வழிப்பதற்கென்று செய்யப்பட்டது. சிசுவின் தலை சிறியது, உருண்டையானது, தோல் மெல்லியது. ரேசரின் அகன்ற தலை அதில் சமமாகப் படியாது. ஒரு மூலைதான் தொடும். வாய் மூடிக்குக் கீழே இருப்பதால் அது எதைத் தொடுகிறது என்று நம் கண்ணுக்கும் தெரியாது. சவரக் கத்தியில் நீள முடி அடைவதில்லை, வாயும் கண்ணுக்குத் தெரியும். பழகிய கைக்கு அது வசதி. பழகாத கைக்கு அதுவே ஆபத்து.

கத்தியின் மறுபக்கம்

இரண்டாவது பிள்ளைக்குப் பேசாமல் ஒஸ்தா மாமாவைக் கூப்பிட்டேன். எழுபது வயதைத் தொட்டவர். பத்து நிமிட வேலை. மகன் பாதியில் நித்திரையாகி விட்டான். முடியும் ஓர் இழை சிந்தாமல் துணியில் சேர்ந்தது. மாமியாருக்கு முகம் மலர்ந்தது.

நானும் மலர்ந்திருப்பேன். ஆனால் புறப்படும்போது அவர் கத்தியைத் துணியில் துடைத்துத் தகரப் பெட்டியில் போட்டதைக் கண்டேன். "அடுத்த தெருவிலும் ஒரு முடி களைதல் இருக்கு" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கத்தி நம் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிறது. சரி, நம் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது?

ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் நோயின் கிருமி, உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருந்து தொற்றக் கூடியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி போதும். இந்தத் தொற்று வளர்ந்தவரைப் பிடித்தால் பெரும்பாலும் ஆறி விடும். சிசுவைப் பிடித்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க உடம்பில் தங்கி விடும். கத்தியைத் துணியில் துடைப்பதும், கிருமிநாசினித் தண்ணீரில் ஒரு தடவை முக்கி எடுப்பதும் இதற்குப் போதாது. கத்தியை மட்டும் சொல்லிப் பயனில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியும் ஆளுக்கு ஆள் போகிறது. ஹஜ்ஜில் தலை மழிக்கும்போது ஒருவருக்குப் பாவித்த பிளேட்டை மற்றவருக்குப் பாவிக்கக் கூடாது என்று வலியுறுத்தப்படுவதும் இதனால்தான்.

நான் தயங்கித் தயங்கி ஒஸ்தா மாமாவிடம் இதைச் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. "இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லல்லியே மௌலவி" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

மூன்றாவது பிள்ளைக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது வேறு கத்தி. இன்று பல சலூன்களில் நீங்கள் காண்பதுதான். உருவம் பழைய கத்தி; வாய் மட்டும் மாற்றக் கூடியது. கடதாசி உறையோடு புதிய பிளேட்டை இரண்டாக முறித்து, ஒரு பாதியை அதில் செருகுவார்கள். வேலை முடிந்ததும் வீசி விடுவார்கள். "இது பழசை விடக் கடிக்கும். கையை இன்னும் லேசாக்க வேணும்" என்று சொல்லிக் கொண்டே என் கண் முன்னால் உறையைப் பிரித்தார். பழைய கத்தியின் கனம் இதற்கு இல்லை. ஆகவே பழகிய கையும் கூடுதல் அவதானமாக இருக்க வேண்டும். ஆனாலும், பழகிய கையும் புதிய வாயும் ஒன்றாகக் கிடைப்பது இதில்தான்.

சகோதரிகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள்

வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நீக்குவது இயற்கைச் சுத்தத்தில் உள்ளது; நாற்பது நாளைத் தாண்ட விடக் கூடாது என்பதும் நீங்கள் அறிந்ததே. அதற்குச் சேப்டி ரேசரே உகந்தது. பழைய கத்தியைக் கையில் எடுக்க வேண்டாம். முடி நீண்டிருந்தால் முதலில் சிறு கத்தரியால் குட்டையாக்குங்கள். குளித்து முடியும் தறுவாயில், தோல் ஊறிய பின், சவர்க்காரம் பூசி, முடி சாய்ந்த பக்கமாக அழுத்தாமல் வழியுங்கள். காய்ந்த தோலில் வழிக்கவே வேண்டாம். தோல் ஒத்துக் கொள்ளாதவர்கள் வேறு முறையில் நீக்கினாலும் சுத்தம் நிறைவேறி விடும்.

ஒரு ரேசர் ஒருவருக்கு மட்டுமே. கணவனும் மனைவியும் ஆயினும், தாயும் மகளும் ஆயினும் தனித்தனியே இருக்கட்டும். "நம்ம வீட்டு ஆள்தானே" என்ற அன்பு இந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவசரமாக வழித்துக் கொள்ளும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. பிரசவத்துக்கென்று வழக்கமாக மழிக்கத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு ஆலோசனை. சத்திரசிகிச்சைக்கு முன் ரேசரால் மழிப்பதையும் அது 2016இல் தவிர்க்கச் சொன்னது. ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுச் செல்லும். கிருமி நுழைய அது வாசலாகும். முடியை எடுத்தேயாக வேண்டுமென்றால் கிளிப்பரால் வெட்டுவதுதான் முறை. ஆகவே நிறைமாதத்தில், குனியவும் முடியாத நிலையில், பிளேட்டோடு போராட வேண்டாம். வைத்தியரிடமோ தாதியிடமோ கேளுங்கள்.

பாவித்த பிளேட்டைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். குப்பை அள்ளுபவரின் கையும் ஒரு பிள்ளைக்குச் சோறு போடும் கைதான். மூடியில் சிறு வெட்டுப் போட்ட பால்மாத் தகரம் ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி அப்புறப்படுத்துங்கள். அந்தத் தகரம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அந்தத் தாய்க்கு எழுதிய பதில்

துண்டுக் கடதாசிக்கு நான் இப்படிப் பதில் எழுதினேன்:

"மகளே, மாமி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: பிள்ளையின் தலைக்குப் பழகிய கை வேண்டும். உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது: கத்தியின் வாய் வேறு யாருக்கும் படாததாக இருக்க வேண்டும். இரண்டு பாதியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பிளேட் மாற்றும் கத்தி வைத்திருக்கும், பிள்ளைகளுக்கு வழித்துப் பழகிய ஒருவரைக் கூப்பிடுங்கள். பிளேட்டை நீங்களே வாங்கி வைத்து, உங்கள் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள். முடியை முதலில் கத்தரியால் குட்டையாக்கி, விரித்த துணியில் சேருங்கள். தலையை வெதுவெதுப்பான நீரால் நன்றாக ஊற வையுங்கள். பிள்ளை பால் குடித்து அமைதியாக இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அழுது தலையை அசைத்தால் நிறுத்தி விடுங்கள். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, மஞ்சள் கண்ட பிள்ளை என்றால் வைத்தியரைக் கேட்டு விட்டுச் செய்யுங்கள். இது சுன்னத், பிள்ளையை வருத்தி ஏழாம் நாளிலேயே முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை."

சென்ற மாதம் அவரிடமிருந்து இன்னொரு கடதாசி வந்தது. ஆண் பிள்ளை. எட்டாம் நாள்தான் முடி களைந்தார்களாம். ஏழாம் நாள் பிள்ளை அழுது கொண்டே இருந்ததாம். பிளேட்டை மாமிதான் கடைக்குப் போய் வாங்கி வந்தாராம். உறையைப் பிரிக்கும்வரை அதைத் தன் கையிலேயே வைத்திருந்தாராம்.